கம்பம் மெட்டு வளைவுகளும் என் மதினியும்

என் மதினி யுவராணிக்கு ஜீப்பில் மலையேறினால் வாந்தி வரும். இதை யார் சொல்லியும் நான் தெரிந்துகொள்ளவில்லை. அத்தனை வருஷமும் அவளுக்குப் பாலித்தீன் பை பிடித்த கை என்னுடையது.

கம்பத்துக்குப் பக்கத்தில் புதுப்பட்டி எங்கள் ஊர். அங்கிருந்து மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள் நாங்கள். விடியுமுன்னே தூக்குவாளியில் சோற்றை அடைத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து நிற்போம். பால்பாண்டி அண்ணனின் ஜீப்பு வரும். கம்பத்தைத் தாண்டி அடிவாரம் வரைக்கும் மதினி பேசுகிற பேச்சில் என்ஜின் சத்தமே கேட்காது. முதல் வளைவில் பேச்சு நின்றுவிடும். அடுத்ததில் முகம் வெளுக்கும். அதற்கப்புறம் தலைக்கு மேலே இருக்கிற கம்பியில் வளையலால் ரெண்டு தட்டு தட்டுவாள். அதுதான் எனக்குச் சைகை. நான் பையை விரிப்பேன்.

பை போதாமல் போய் அவள் இறங்கியே ஆகவேண்டிய இடம் குரங்கு வளைவு. அந்தப் பெயரை எந்தப் பலகையிலும் தேட வேண்டாம், நாங்களாக வைத்தது. வண்டி நின்றால் தின்ன ஏதாவது விழும் என்று குரங்குகள் அங்கே சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மதினி குனிந்து நிற்கும்போது அதுகளும் தலையைச் சாய்த்துப் பார்க்கும். ஒருநாள் ஒரு குரங்கு அவள் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. "சோத்தைத்தான் இறக்கி வச்சிட்டாளே, வாளி எதுக்குன்னு நினைச்சிருக்கும்" என்றேன். மதினி வாயைக் கொப்பளித்துவிட்டு என்னை ஒரு அடி அடித்தாள். எங்களுக்கு ஒரே வயது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. என் அண்ணன் ஈஸ்வரபாண்டிக்கு வாழ்க்கைப்பட்டுத்தான் எனக்கு மதினி ஆனாள். அதனால் மரியாதையெல்லாம் எங்களுக்குள் கிடையாது.

வைத்தியம் செய்யாமல் இல்லை. எலுமிச்சம்பழத்தை முகர்ந்தாள். புளியை உருட்டி வாயில் அடக்கினாள். சீட்டில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தாள். தொப்புளில் பிளாஸ்திரி ஒட்டினாள். வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு அக்கினிச்சட்டிகூட எடுத்துவிட்டாள். ஆத்தா தீயைப் பொறுக்கிற கையைக் கொடுத்தாளே தவிர, வளைவைப் பொறுக்கிற வயிற்றைக் கொடுக்கவில்லை.

அந்த வருஷம் காய் எடுப்பு தொடங்கிய சமயம் பிரச்சினை பெரிதாகிவிட்டது. ஏலச்செடியில் காய் தரையோடு காய்க்கும். செடிக்கு அடியில் உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். முதலில் வந்து சேர்கிற ஜீப்புக்காரிகளுக்கு மேட்டில் காய்ந்த நிலமாகப் பார்த்துக் கொடுப்பார்கள். பிந்தி வந்தவர்களுக்கு ஓடையை ஒட்டிய பக்கம்தான், அட்டை மொய்க்கிற இடம். மதினிக்காகக் குரங்கு வளைவில் நின்று நின்று நாங்கள் தினமும் ஓடைக்காரிகள் ஆகிவிட்டோம். வேலையைப் பிரித்துக் கொடுக்கிற கங்காணி மலையாளத்துக்காரர். இனியும் பிந்தினால் வேறு ஜீப்பு ஆட்களைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் ஊர் வந்து இறங்கும்போது பால்பாண்டி அண்ணன் மதினியைத் தனியாகக் கூப்பிட்டார். "தப்பா நினைக்காதத்தா. உனக்கு மலை ஒத்துக்கிடல. நாளையிலருந்து நீ கீழேயே ஏதாச்சும் வேலை பாத்துக்க" என்றார். காதில் விழுந்தவர்கள் அவரவர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். அதுதான் தீர்ப்பு.

வேலைக்குப் பஞ்சமில்லை. கீழே திராட்சைப் பந்தலில் கூப்பிட ஆள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு வளைவு தன்னைத் தோற்கடித்து ஜீப்பை விட்டு இறக்கிவிட்டது என்பதை அவளால் தாங்க முடியவில்லை. எனக்கும் தாங்கவில்லை, ஆனால் நான் அதை வெளியில் காட்டிக்கொள்கிற ஜாதி இல்லை.

மதினிக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை விட்டு வந்ததும் வீட்டுக்கு முன்னால் குழாயடியில் சேறும் ரத்தமுமாக இருக்கிற காலைக் கழுவும்போது தன்னைத் தானே ஒரு கேள்வி கேட்பாள். மனசுக்குள் இல்லை, வாய்விட்டே. "யுவராணி, இன்னைக்கு எங்கன தோத்த?" ஒருநாள் மாமியாரிடம் வாய் நீண்டது என்று பதில் வரும். இன்னொரு நாள் பிள்ளையை அடித்தது என்று வரும். பதில் வந்த பிறகுதான் குழாயை மூடுவாள். எங்கள் அம்மா, "இவ காலைக் கழுவுறாளா, கோர்ட்டு நடத்துறாளா?" என்பாள். அன்றைக்குக் குழாய் வெகு நேரம் ஓடியது. கடைசியில் காலை உதறிக்கொண்டு நேரே பால்பாண்டி அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். வம்பு பார்க்க நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க ஏன் வாந்தி எடுக்கிறதில்ல?"

அவர் சிரித்தார். "ஓட்டுறவனுக்கு எங்கனத்தா வாந்தி வரும்? வண்டி எந்தப் பக்கம் திரும்பும்னு அவன் வயித்துக்கு முன்னக்கூட்டியே தெரியும்ல."

மதினி அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். "இந்த எடுப்பு முடியிற வரைக்கும் டயம் குடுங்கண்ணே. எனக்காக ஒருநாளும் நிப்பாட்ட வேணாம். நிப்பாட்டுற மாதிரி ஆச்சுன்னா நானே நின்னுக்கிடுறேன்."

அவள் கணக்கு இதுதான். முன்னால் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தால் வயிற்றுக்கும் முன்கூட்டியே தெரியும். ஆனால் பால்பாண்டி அண்ணன் ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சீட்டு, அது கஸ்தூரியம்மாள் பெரியம்மாவின் சீட்டு. எங்களில் வயதில் மூத்தவள் அவள். ஜீப்பில் யாருக்கு எந்த இடம் என்பது பட்டா போட்ட நிலம் மாதிரி. பெரியம்மா ஏறி உட்காராமல் வேறு யாரும் ஏறக்கூடாது என்பதும் எழுதாத சட்டம். கலெக்டரே வந்தாலும் பெரியம்மா அந்தச் சீட்டைக் கொடுக்க மாட்டாள்.

மதினி பேரம் பேசினாள். ஏறும்போது மட்டும் முன் சீட்டு தனக்கு. பதிலுக்குப் பெரியம்மாவுக்கு ஓடைப் பக்கம் விழுந்தால் அதை மதினி எடுத்துக்கொள்வாள், மதினியின் இடத்தைப் பெரியம்மா எடுத்துக்கொள்ளலாம். பெரியம்மா தன் முழங்காலைத் தடவிப் பார்த்து யோசித்தாள். "இறங்கும்போது சீட்டு எனக்குத்தான்" என்றாள். ஒப்பந்தம் முடிந்தது.

மறுநாளிலிருந்து மதினி முன் சீட்டில் உட்கார்ந்து வளைவுகளைச் சொல்ல ஆரம்பித்தாள். "அடுத்து வலது. பாறை வரும். அப்புறம் இடது, நீண்ட வளைவு. சாமி வளைவு, வலது." சாமி வளைவும் நாங்களாக வைத்த பெயர்தான். முதல் வாரம் சொல்லிக்கொண்டே வாந்தி எடுத்தாள். பை அவள் மடியிலேயே இருந்தது, வண்டி நிற்கவில்லை. பிறகு வாந்தி வருகிற இடம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே மேலே போனது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள், அவள் வாந்தி மலையேறி நகர்ந்தது. ஒருநாள் மலை உச்சியில் இருக்கிற செக்போஸ்ட்டே வந்துவிட்டது, பை அப்படியே மடிப்புக் கலையாமல் இருந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மூடுபனி என்று சொல்லிக்கொண்டேன்.

இதோடு விட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அன்று சாயங்காலம் குழாயடியில் அவள், "இன்னைக்கு எங்கனயும் தோக்கல. நாளைக்கு என்ன செய்யப் போற?" என்று கேட்டுக்கொண்டதை நான் என் காதால் கேட்டேன். இரவு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அண்ணனிடம் சொன்னாள்.

"எனக்கு ஜீப்பு ஓட்டப் படிக்கணுங்க. அந்த மலையில நானே ஏத்தி, நானே இறக்கணும்."

அண்ணன் சோற்றைப் பிசைந்த கையோடு அவளைப் பார்த்தான். நான்தான் முந்திக்கொண்டேன். "கூரையேறிக் கோழி பிடிக்க முடியாதவ வானம் ஏறி வைகுண்டம் போனாளாம். நேத்து வரைக்கும் ஜீப்பில உக்கார முடியாதவளுக்கு இன்னைக்கு ஸ்டியரிங்கு கேக்குதோ?"

"உக்காந்து வர்றவளுக்குத்தான்டி வாந்தி. ஓட்டுறவளுக்கு இல்ல" என்றாள்.

 அண்ணன் வாழைத்தார் சுமக்கிறவன், பேச்சையும் ஒரு சுமை மாதிரிதான் இறக்குவான். சாப்பிட்டு எழுந்து கை கழுவிவிட்டு, "உத்தமபாளையத்துல சொல்லிக் குடுக்காக. ஞாயித்துக்கிழமை நான் பிள்ளையப் பாத்துக்கிடுறேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை டிரைவிங் ஸ்கூல். மற்ற நாளெல்லாம் அடுப்படி. உலை கொதிக்கிற நேரம் மதினி பெயிண்டு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அரிசி புடைக்கிற சுளகை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொள்வாள். காலுக்கு மூன்று செங்கல். கிளட்ச், பிரேக்கு, ஆக்சிலேட்டர். கியருக்கு உலக்கைத் துண்டு. கண்ணை மூடிக்கொண்டு அடிவாரத்திலிருந்து செக்போஸ்ட் வரை ஒரு வளைவு விடாமல் சொல்லி ஓட்டுவாள். செக்போஸ்ட் வருவதற்கும் சோறு வேகுவதற்கும் சரியாக இருக்கும். சோறு குழைந்தால், "சாமி வளைவுல லாரிக்காரன் மறிச்சிட்டான்" என்பாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளெல்லாம் வந்து பின்னால் உட்கார்ந்துகொண்டு டிக்கெட் கேட்கும். ஒருநாள் பார்த்தால், கிளட்ச் செங்கலுக்கு அடியில் பழைய ரப்பர் செருப்பை வெட்டி வைத்திருக்கிறது. யார் வேலை என்று கேட்டதற்கு அண்ணன், "கிளட்ச்சு அமுங்கணும்ல" என்றுவிட்டு வேலைக்குப் போய்விட்டான். மதினி அன்று முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தாள்.

லைசன்ஸ் வாங்கிவிட்டாள். அதைப் பெரியம்மாவிலிருந்து எங்கள் தெரு வளையல்காரர் வரைக்கும் எல்லாரிடமும் காட்டினாள். அந்த போட்டோவில் அவள் முறைத்துக்கொண்டிருந்தாள். பால்பாண்டி அண்ணனும் இறங்கி வந்தார். தோட்டத்துக்குள் காலி ஜீப்பை நகர்த்தி நிறுத்தக் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு உர மூட்டை ஏற்றிப் போக வேண்டியிருந்தது. "வாத்தா, நீயே ஓட்டு. நான் பக்கத்துல இருக்கேன்" என்றார். துணைக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். மூட்டைமேல் நான்.

ஏறினாள் பாருங்கள், அது ஒரு அழகு. வளைவைச் சொல்லிச் சொல்லி, கியரை இறக்கி, ஹாரன் அடித்து, நூல் பிடித்த மாதிரி போனாள். குரங்கு வளைவில் குரங்குகளுக்கு ஒரு ஹாரன் தனியாக அடித்தாள். நான் மூட்டைமேல் உட்கார்ந்து ஊருக்கே ராணி மாதிரி இருந்தேன்.

மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான் வந்தது வினை. இறக்கத்தில் முதல் வளைவிலேயே அவள் வாய், "அடுத்து வலது" என்றது. ரோடு இடது பக்கம் திரும்பியது. சமாளித்தாள். அடுத்ததிலும் அப்படியே. வார்த்தைகள் ஒன்றொன்றாக நின்றுபோய், முகம் பழையபடி வெளுக்க ஆரம்பித்தது. சாமி வளைவில் கீழேயிருந்து பஸ் ஏறி வந்தது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மதினி அந்த மலையில் ஏறி ஏறியே பழகியவள். எதிரே வருகிறவர்கள் எல்லாம் ஒதுங்கி நின்றதையே பார்த்தவள். பஸ் ஒதுங்கும் என்று நடு வளைவில் அப்படியே நின்றாள். பஸ்ஸும் நின்றது. மூக்கும் மூக்கும் இடிக்கப் பார்த்தது. இவள் பதற்றத்தில் கிளட்சை விட, என்ஜின் அணைந்துவிட்டது. பின்னால் ஜீப்புகள், அங்கிட்டு லாரி, ஹாரன் சத்தம் மலை முழுக்க. பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "யாருத்தா உனக்கு லைசன்ஸ் குடுத்தது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைவிட மோசம், அந்த பஸ்ஸில் எங்கள் ஜீப்பு ஜக்கம்மா உட்கார்ந்திருந்தாள். பால்பாண்டி அண்ணன் இறங்கி வந்து ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டார்.

ஜக்கம்மாவுக்குத் தெரிந்தால் தண்டோரா தேவையில்லை. மறுநாள் காலையில் ரோட்டில் நின்ற எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. "எம்மா, சாவி பால்பாண்டி அண்ணன் கையில இருந்தாத்தான் நாங்க ஏறுவோம். சொல்லிப்பிட்டோம்" என்றாள் ஜக்கம்மா. மற்றவர்களும் தலையாட்டினார்கள். "ரோடு ரொம்பக் குறுகல், அதான்" என்று மதினிக்காக நான் வாயைக் கொடுத்தேன். "ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்" என்று பெரியம்மா முடித்துவைத்தாள். 

அன்று குழாயடியில் நானும் நின்றேன். "எங்கன தோத்த?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏடி வேல்விழி, இத்தனை வருசமா இறங்கும்போது நான் என்ன செஞ்சேன்?"

"தூங்குன. என் தோளு மேலதான். எச்சில் ஒழுகும்."

"அதான்" என்றாள். முகம் தெளிந்துவிட்டது. "நான் படிச்சது பாதி மலையத்தான். இறங்குற மலை வேற மலை. அதை நான் பாத்ததே இல்ல." குழாயை மூடினாள்.

அதன் பிறகு சாயங்காலங்களில் அவள் தூங்கவில்லை. முன் சீட்டு பெரியம்மாவிடம் இருந்ததால், இவள் பின்னால் நின்றுகொண்டு கம்பியைப் பிடித்துத் தலையை நீட்டி ரோட்டைப் பார்த்தே வந்தாள். அதுவும் போதாது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் மேலே போய், அங்கிருந்து நடந்தே இறங்க ஆரம்பித்தாள். தனியாக எப்படி விடுவது? புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு நானும் போனேன். என் கால் வலியைப் பற்றி இங்கே எழுதினால் இன்னொரு கதை எழுதவேண்டி வரும்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜீப்பில் போனபோது அந்த மலையில் நான் பார்த்ததெல்லாம் பையும் மதினியின் முதுகும்தான். நடந்து இறங்கும்போதுதான் பள்ளத்தாக்கு மொத்தமும் தெரிந்தது. தென்னந்தோப்பு, வாழை, திராட்சைப் பந்தல், நெல் வயல், நடுவில் கம்பத்து வீடுகள், அதற்கும் அங்கிட்டு எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டி. மதினி அதையெல்லாம் பார்க்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் மலைக்கு முதுகைக் காட்டி நின்று, கீழேயிருந்து வண்டி வருவது எந்த இடத்தில் முதலில் தெரிகிறது, ஒதுங்க எங்கே இடம் இருக்கிறது என்று பார்ப்பாள். சுவரோரம் போய்த் தன் உடம்பையே ஜீப்பாக நினைத்து ஒதுங்கி நிற்பாள். ஏறி வருகிற பஸ் அவளைத் தாண்டிப் போனதும் நடப்பாள். பார்க்கிறவர்கள் கிறுக்கு என்றுதான் நினைத்திருப்பார்கள். சுளகு ஓட்டமும் மாறியது. இப்போது செக்போஸ்ட்டில் தொடங்கி அடிவாரத்தில் சோறு வெந்தது.

அடுத்த எடுப்பு வந்தபோது பால்பாண்டி அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்தார். வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. எடுப்புச் சமயம், ஓட்டத் தெரிந்தவன் எல்லாம் ஏற்கெனவே ஏதாவது ஒரு ஜீப்பில் இருக்கிறான். ஒருவன் வருகிறேன் என்று சொல்லியிருந்தான். காலையில் நாங்கள் எல்லாரும் ரோட்டில் நிற்கிறோம். ஜீப்பு நிற்கிறது, மாவுக்கட்டோடு பால்பாண்டி அண்ணன் நிற்கிறார், வருகிறேன் என்றவன் போனை எடுக்கவில்லை. போகாவிட்டால் கங்காணி அந்த எடுப்பை வேறு ஜீப்பு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்.

அண்ணன் இடது கையால் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மதினியிடம் நீட்டினார். யாரும் நகரவில்லை. பெரியம்மா ஏறாமல் யாரும் ஏற முடியாது. எல்லாரும் பெரியம்மாவைப் பார்த்தோம். மதினி சாவியை வாங்கவில்லை, அவளும் பெரியம்மாவைத்தான் பார்த்தாள். 

பெரியம்மா கேட்டாள். "இறங்கும்போது எதுத்தாப்புல பஸ்ஸு வந்தா என்ன செய்வ?"

"முன்னாடியே ஓரம் கட்டி நிப்பாட்டி வழி விடுவேன் பெரியம்மா. ஏறுறவுகளுக்குத்தான் முதல் வழி."

"அது அன்னைக்கும் உனக்குத் தெரிஞ்சதுதானத்தா."

"அன்னைக்கு வாய்க்குத் தெரியும். இப்பக் காலுக்குத் தெரியும்."

பெரியம்மா கொஞ்ச நேரம் அவள் காலைப் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அடுத்து நான் ஏறினேன். ஜக்கம்மா கடைசியாக ஏறினாள், ஏதோ சாமி பேரைச் சொல்லிக்கொண்டே. பால்பாண்டி அண்ணன் தன் ஜீப்பின் முன் சீட்டைப் பார்த்தார். பெரியம்மா வெளியே மலையைப் பார்த்தாள். அவர் பின்னால் வந்து, கதவோரம் மதினியின் பழைய இடத்தில், என் எதிரே உட்கார்ந்தார்.

ஏற்றத்தைப் பற்றி என்ன சொல்ல. மதினி வாய்விட்டு வளைவுகளைச் சொல்லிக்கொண்டே ஏறினாள். முதலில் ஜீப்புக்குள் மூச்சுச் சத்தம்தான் இருந்தது. பாதி மலையில், எங்களோடு வேலைக்கு வருகிற நதியா கூடவே முணுமுணுக்க ஆரம்பித்தாள். சாமி வளைவு வந்தபோது ஜக்கம்மாவே, "வலது" என்றாள். தோட்டத்தில் எங்கள் ஜீப்புதான் முதல். கங்காணி எட்டிப் பார்த்து, "டிரைவர் ஆரா?" என்று கேட்டார். பெரியம்மா இறங்கி இடுப்பை நிமிர்த்திக்கொண்டு, "எங்க யுவராணி. நேரத்துக்கு வந்துட்டம்ல, மேட்டு நிலத்தைக் காட்டுங்க" என்றாள்.

சாயங்காலம் தூறல். ரோடு வழுக்கியது. ஏறுவது வேறு, இறங்குவது வேறு என்று எல்லாருக்கும் தெரியும். காலையில் வந்த பேச்சு மறுபடி நின்றுபோயிருந்தது. மதினி ரெண்டாம் கியரிலேயே இறக்கினாள். "அடுத்து இடது." ரோடு இடது பக்கம் திரும்பியது. "அடுத்து வலது, சுவரு வரும்." சுவர் வந்தது. சாமி வளைவுக்கு முன்னால், எங்கள் யாருக்கும் எதுவும் தெரியாத ஒரு இடத்தில், ஜீப்பை ஓரம் கட்டி நிறுத்திவிட்டாள். ஏன் நின்றாள் என்று ஜக்கம்மா கேட்க வாயெடுத்தாள். அதற்குள் கீழேயிருந்து முகப்பு விளக்கு மேலே ஏறியது. பஸ். வளைவை முழுசாகச் சுற்றி, எங்களைத் தொடாமல், தாராளமாக ஏறிப் போனது. அதே டிரைவர்தான். மதினியைப் பார்த்ததும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். மதினியும் தூக்கினாள். பின்னால் நாங்கள் எல்லாரும் தூக்கினோம், ஜக்கம்மாவின் கைதான் எல்லார் கையையும்விட உயரம்.

அப்புறம் ஜீப்புக்குள் ஒரே பேச்சு. எல்லாரும் ஒரே நேரத்தில் வளைவு சொன்னார்கள். பால்பாண்டி அண்ணன் மட்டும் வாய் திறக்கவில்லை. தூறலில் முகம் சரியாகத் தெரியவில்லை. குரங்கு வளைவு நெருங்கும்போது தலைக்கு மேலே கம்பியில் டொக், டொக் என்று ரெண்டு தட்டு. மாவுக்கட்டுக் கையால்.

எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? பழைய பழக்கத்தில் என் பையில் ஒன்று எப்போதும் இருக்கும். விரித்தேன். அந்தச் சத்தம் மதினிக்கும் கேட்டிருக்கிறது. திரும்பிப் பார்க்காமலே ஓரம் கட்டினாள். குரங்குகள் சுவர்மேல் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தன, தலையைச் சாய்த்துப் பார்த்தன.

மதினி இறங்கிப் பின்பக்கமாக வந்தாள். இடுப்பில் செருகியிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து அவர் இடது கையில் வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வெட்கப்பட்டார். "என்னத்தா இது. ஆயுசு பூரா இந்த ரோட்டுல ஓட்டுனவன் நான்."

"ஓட்டுறவுகளுக்கு வராதுண்ணே" என்றாள் மதினி. கேலியாகச் சொல்லவில்லை, நோய் தெரிந்தவள் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "அடுத்தது இடது பக்கம் திரும்பும். அதுக்கடுத்து வலது. நான் சத்தமாச் சொல்றேன், நீங்களும் சொல்லிக்கிட்டே வாங்க. முன்னக்கூட்டியே தெரிஞ்சா வயிறு கேட்டுக்கிடும்."

அவர் தலையாட்டினார். அவள் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். அடிவாரம் வரைக்கும் அவள் வளைவைச் சொல்ல, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி பால்பாண்டி அண்ணன் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் எதிரே பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ வருஷம் பிடித்த பைதான். அன்றைக்கு அதைப் பிடித்த மாதிரி அத்தனை பெருமையாக நான் எதையும் பிடித்ததில்லை.